எட்டு வருஷமும் ஒரு ராத்திரியும்

"உங்க ஊர்க் கோட்டையைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதாதவர் யார்? 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு கேட்கவே வேண்டாம். மராட்டியர் கோட்டைகள் என்று ஒரே பட்டியலில் சேர்த்த பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது எங்கள் ஊர். ஆகவே ராஜகிரியின் உயரம், கல்யாண மகாலின் அடுக்குகள், வெங்கட்ரமணர் கோயில் சிற்பங்கள் இவற்றையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

விடுதியில் என்னோடு இருந்த நண்பர்களுக்கு என்னுடைய இன்னொரு பைத்தியம் ஞாபகம் இருக்கும். செஸ். ஆட்டத்தைவிடச் செஸ் புதிர் மேல்தான் எனக்கு அதிக மோகம். ஆங்கிலப் பேப்பரில் கட்டம் போட்டு ஒரு படம் வரும். கீழே "வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும்" என்று ஒரு வரி. வாசிப்பறையில் அந்தப் பக்கத்தை மட்டும் காணோம் என்றால் எல்லோரும் நேராக என் அறைக்குத்தான் வருவார்கள். இந்தக் கட்டுரை அந்தப் புதிர்களையும் எங்கள் கோட்டையையும் சேர்த்து யோசித்ததன் விளைவு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

செஸ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. புதிர்களில் இரண்டு ஜாதி. ஒன்றில் ராஜாவை மடக்கி 'மேட்' கொடுக்க வேண்டும். இன்னொன்றில் எதிரியின் காய் ஒன்றை லாபமாகப் பிடித்தால் போதும். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று ஒரு கணக்கு உண்டு. (பிஷப்பை நாங்கள் மந்திரி என்போம். சில ஊர்களில் ராணியைத்தான் மந்திரி என்பார்கள். பழைய ஆட்டத்தில் அது மந்திரிதான். மூலைவாட்டில் ஒரு கட்டம் நகரும் சாதுவான காய். ஐரோப்பாவுக்குப் போய்த்தான் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தம்மாவுக்கு இவ்வளவு அதிகாரம் வந்தது.) மேட் புதிரில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நிஜ ஆட்டங்களில் பெரும்பாலானவை முடிவாவது இந்த இரண்டாம் ஜாதியில்தான். ஒரு குதிரையைப் பறிகொடுத்தவன், தேர்ந்த ஆட்டக்காரனிடம் தப்புவது கடினம்.

ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். பலகை கையில் இருந்தால் வைத்துப் பாருங்கள். இருவரும் ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். வெள்ளை தன் ராஜா பக்கத்துக் குதிரையைக் கொண்டு வருகிறது. கறுப்பும் அதே போல். வெள்ளைக் குதிரை கறுப்புச் சிப்பாயை வெட்டுகிறது. "நீ வெட்டினா நானும் வெட்டுவேன்" என்று கறுப்புக் குதிரையும் வெள்ளைச் சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ராணி ஒரு கட்டம் முன்னே வந்து, ராஜாவுக்கு நேர் முன்னால் நின்று, அந்தக் குதிரையைத் தாக்குகிறது. கறுப்பு பயந்துபோய்க் குதிரையைப் பழைய இடத்துக்கே பின்வாங்குகிறது. முடிந்தது கதை. வெள்ளைக் குதிரை சி-6 கட்டத்துக்குத் தாவுகிறது. குதிரை விலகியதும் அதன் பின்னால் இருந்த ராணி கறுப்பு ராஜாவுக்குச் செக் கொடுக்கிறது. தாவிய குதிரையோ கறுப்பு ராணியின் மேல் கை வைத்திருக்கிறது. அந்தக் குதிரையை வெட்ட கறுப்புக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்றும் உதவாது. முதலில் செக்கைத் தடுத்தாக வேண்டும். தடுத்த மறு நொடியில் ராணி போச்சு. 9 போய் 3 வருகிறது. எங்கள் விடுதியில் இதில் விழாத முதலாம் ஆண்டு மாணவன் கிடையாது.

இதன் சாரம் என்ன? எதிரிக்கு ஒரே சமயத்தில் இரண்டு வேலை, கையோ ஒன்று. 'ஃபோர்க்', 'பின்', 'டிஸ்கவர்ட் செக்' என்று எத்தனையோ பெயர்கள் இருந்தாலும் அநேகமாக எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருக்கிறது.

இப்போது செஞ்சிக்கு வருவோம்.

சிவாஜி 1677-இல் செஞ்சியைப் பிடித்துப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம், மகாராஷ்டிரத்தில் மொகலாயர் கை ஓங்கியபோது, மாறுவேஷத்தில் தெற்கே தப்பி வந்து எங்கள் ஊரில் உட்கார்ந்தார். கிட்டத்தட்ட எட்டு வருஷம் மராட்டிய ராஜ்யத்தின் தலைநகர் செஞ்சி. செஸ் பாஷையில் சொன்னால் ராஜா மூலையில் கோட்டை கட்டிக்கொண்டார். ஔரங்கசீப் அனுப்பிய சுல்பிகார் கான் 1690-இல் வந்து முற்றுகை போட்டார்.

ராஜகிரியில் ஏறியவர்களுக்குத் தெரியும், உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஒரு பள்ளம் வரும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழி கிடையாது. பத்துப் பேர் மேலே நின்றால் ஒரு படையைத் தடுக்கலாம் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதிலால் இணைத்த கோட்டை அது. அதைச் சுற்றி வளைக்கச் சுல்பிகாரிடம் ஆள் போதவில்லை. உள்ளே போகிறவனும் வருகிறவனும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1692 டிசம்பரில் நடந்ததுதான் என் கட்டுரைக்கு முக்கியம். சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்று இரண்டு மராட்டியத் தளபதிகள் குதிரைப்படையோடு வடக்கிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் நேராகச் செஞ்சிக்கு வந்து முற்றுகைப் படையோடு முட்டிக்கொள்ளவில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் மொகலாய ஃபௌஜ்தார் அலி மர்தான் கானை மடக்கினார் சந்தாஜி. அவரைப் பிடித்தார், அவருடைய குதிரைகளையும் யானைகளையும் சேர்த்துப் பிடித்தார், பணயத் தொகை வாங்கிக்கொண்டுதான் பிறகு ஆளை விட்டார். குதிரை, யானை! செஸ்ஸில் காய் ஜெயிப்பது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் சரித்திரத்தில் கிடைக்குமா என்று தெரியவில்லை. செஞ்சிக்கு எதிரில் கூடாரம் போட்டிருந்த சுல்பிகாருக்குத் தானியம் வரும் வழியெல்லாம் அடைபட்டது. முற்றுகை போட்டவர் முற்றுகைக்குள் சிக்கினார். போதாக்குறைக்கு, முகாமிலேயே இருந்த ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் ரகசியமாக ராஜாராமோடு பேசுகிறார் என்று சந்தேகம் எழுந்து, சுல்பிகாரும் அவர் தந்தை அசத் கானும் அந்த இளவரசரையே காவலில் வைத்தார்கள். 1693 ஜனவரியில் மொகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

பிறகு மறுபடி வந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். சுல்பிகார் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, அதற்குச் சற்று முன்பே தப்பிவிட்டார். கோட்டைக்கு 'நுஸ்ரத்கட்' என்று புதுப் பெயர் வைத்ததுதான் மிச்சம். எட்டு வருஷம் ஆடி யானையை வெட்டினார்கள், ராஜா கைக்கு வரவில்லை.

நடுவில் வருகிறது 1714. தேசிங்கு ராஜா. இவரைப் பற்றி எழுதும்போது செஞ்சிக்காரனுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். பந்தேலா ராஜபுத்திரர் ஸ்வரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். நம் நாக்கில் தேசிங்கு. அப்பா இறந்ததும் கோட்டைக்கு உரிமை கொண்டாடினார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார். பையன் கொடுக்க மறுத்தான். அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பார்கள். கதைப்பாட்டில் அவன் நண்பன் மோவுத்துக்காரன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு வருகிறான். ஒருவன் ராஜபுத்திரன், ஒருவன் முஸ்லிம், இருவரும் ஒரே நாளில் மடிகிறார்கள். கூத்தில் அந்தக் கட்டம் வரும்போது என் அப்பா ஒவ்வொரு தடவையும் அழுவார்.

செஸ் கண்ணோடு பார்த்தால் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. எட்டு வருஷம் மொகலாயரை நிறுத்திவைத்த கோட்டை பின்னால் இருக்கும்போது, இந்த ராஜா ஏன் கையளவு குதிரைப்படையோடு வெளியே வந்தான்? விடுதியில் ஒரு திருநெல்வேலி நண்பர் என்னைச் சீண்டுவார்: "ஏலே, உங்க ஊர் ராஜா கோட்டை கட்டாம நடுப்பலகைக்கு வந்தவம்லா?" எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் அந்தக் கேலியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. 1690-இல் ராஜாராமுக்கு வெளியே சந்தாஜி இருந்தார், தனாஜி இருந்தார். 1714-இல் தேசிங்குக்கு வெளியே யாரும் இல்லை. உதவிக்கு வரக் காய் இல்லாதவனுக்குக் கோட்டைக்குள் உட்காருவது சாவைத் தள்ளிப்போடுவதுதான். ஆனாலும் அந்த வயதில் இவ்வளவு கணக்குப் போட்டிருப்பான் என்று நான் வாதாட மாட்டேன்.

மூன்றாவது சம்பவம்தான் எனக்கு மிகப் பிடித்த புதிர். 1750 செப்டம்பர். பாண்டிச்சேரியில் டூப்ளே. ஆங்கிலேயர் தயவில் இருந்த முகமது அலியின் படை பிரெஞ்சுக்காரரிடம் அடிவாங்கி, சிதறி, செஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தது. துரத்தி வந்த தளபதி புஸ்ஸியிடம் சில நூறு ஐரோப்பியரும் ஆயிரத்துச் சொச்சம் சிப்பாய்களும். கோட்டைக்கு வெளியே நடந்த சண்டையில் முகமது அலியின் ஆட்கள் உடைந்து உள்ளே ஓடினார்கள். புஸ்ஸி நிற்கவில்லை. ஓடுகிறவர்கள் பின்னாலேயே போய்ப் பேட்டை வாசல் கதவை வெடி வைத்துத் தகர்த்தார். உள்ளே புகுந்ததும் மூன்று மலைகளிலிருந்தும் குண்டு மழை. நிலா மறையும் வரை தெருக்களில் தாக்குப்பிடித்தார்கள். இருட்டியதும் மூன்று மலை மீதும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடிந்தபோது மூன்றும் அவர்கள் கையில். பகல் வெளிச்சத்தில் தாங்கள் ஏறிய பாறைகளைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்களே மிரண்டுபோனார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

'அதிர்ஷ்டம்' என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். மூன்று மலைகள் ஒன்றுக்கொன்று துணை என்பதுதான் செஞ்சியின் பலம். மூன்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதற்குத் துணை போகும்? ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றிரவு மூன்று வேலை. ஒரு வாரம் கழித்து இதே தாக்குதலை நடத்தியிருந்தால் புஸ்ஸி பள்ளத்தாக்கிலேயே மாண்டிருப்பார். 1752-இல் ஆங்கிலேய மேஜர் கின்னீர் செஞ்சியைப் பிடிக்க வந்து, கோட்டையைப் பார்த்து மலைத்துத் திரும்பி, நம் விக்கிரவாண்டியில் அடிவாங்கிக்கொண்டு போனதே அதற்குச் சாட்சி. கோட்டை அதேதான், பாறை அதேதான், அந்த நிமிஷம்தான் இல்லை. கடைசியில் ஆங்கிலேயர் செஞ்சியை வாங்கியது பாண்டிச்சேரி விழுந்த பிறகு, 1761 ஏப்ரலில்.

புதிருக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. புதிரின் கீழே "ஜெயிக்க வழி இருக்கிறது" என்று அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். அது தெரிந்த பிறகு தேடுவது சுலபம். ஆட்டத்திலோ கோட்டை வாசலிலோ யாரும் வந்து "சார், இப்பத்தான் அந்த நேரம்" என்று காதில் சொல்வதில்லை.

இந்தப் புதிர் விளையாட்டு புதிதல்ல. அரபியில் 'மன்சூபா' என்று சொல்லி ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தொகுத்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அஸ்-சூலி வைத்த ஒரு புதிருக்கு விடை கண்டது ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக், 1980-களில்! நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. 1814-இல் பம்பாயில் ஒரு ஆங்கிலச் செஸ் புத்தகம் அச்சானது. முழுக்க முழுக்கக் கட்டங்களும் தீர்வுகளும்தான், பயில்பவருக்காக. சம்ஸ்கிருத மூலத்திலிருந்து ஐரோப்பிய ஆட்ட முறைக்கு மாற்றி மொழிபெயர்த்தவர் பெயர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. பெயரே தெற்கத்திப் பெயர். அன்றைய நம் ஆட்டத்தில் சிப்பாய் முதலிலும் ஒரு கட்டம்தான் போகும். செக் வாங்காத ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். அதையெல்லாம் கழித்து, வெள்ளைக்காரன் ஆட்டத்துக்குப் பொருந்தும்படி புதிர்களை அமைத்த அந்தப் பண்டிதரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீடாமங்கலம் பக்கத்துத் திருப்பூவனூரில் சிவபெருமானே சதுரங்க வல்லபநாதர் என்பதாவது 2022-க்குப் பிறகு நாலு பேருக்குத் தெரிந்தது.

நம் காலத்து நாயகர் மானுவேல் ஆரோன். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1960-இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் யூவேயை வென்றவர். 1962-இல் ஸ்டாக்ஹோமில் கடைசி இடம் பெற்றாலும் போர்டிஷ், ஊல்மான் இருவரையும் வீழ்த்தினார். அவர் முன்னின்று 1972-இல் சென்னை ரஷ்யக் கலாசார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். ஆனந்தின் புதிர்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்பாவின் வேலை நிமித்தம் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, அங்கே டெலிவிஷனில் பகலில் செஸ் நிகழ்ச்சி. பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா அன்றைய புதிரை எழுதிவைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். சரியான விடைக்குப் புத்தகம் பரிசு. மாதக்கணக்கில் இவனே ஜெயித்ததில், "வேணுங்கிற புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கோ, இனிமே விடை மட்டும் அனுப்பாதே" என்கிற மாதிரி சொல்லிவிட்டார்களாம்! 1988-இல் அந்தப் பையன் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

இன்னொரு பையன் குகேஷ். 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் பதினாறு வயது. முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. பத்தாவது சுற்றில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நாம் பார்த்தோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் கடைசி, பதினான்காம் ஆட்டம். ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். டிரா என்றே எல்லோரும் நினைத்தார்கள். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைக் குகேஷின் யானைக்கு எதிரே வைத்தார். அவருடைய பிஷப் ஏ-8 மூலையில். யானையை யானையால் வெட்டி, தன் பிஷப்பை அந்த மூலை பிஷப்புக்கு எதிரே வைத்தால் அதற்கும் போக்கிடம் இல்லை, இரண்டும் வெட்டுப்பட்டுவிடும். மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும். அதில் ஒரு சிப்பாய் கூட. இதைப் புதிராக அச்சடித்துக் கொடுத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். நாலு மணி நேரம் ஆடிக் களைத்த பிறகு, படத்தின் கீழே எந்த வரியும் இல்லாமல் அதைப் பார்ப்பது வேறு காரியம். பதினெட்டு வயதில் பார்த்தார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் செஸ் படிக்க வருகிறார்கள். அதில் ஒரு பெண், எட்டாவது படிக்கிறாள். அம்மா மல்லாட்டை உரிக்கப் போகிறவர். புதிர் என்றால் நான் படத்தை வைத்து முடிப்பதற்குள் விடை வந்துவிடும். போன வருஷம் ஒரு வெளியூர்ப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பஸ் சார்ஜ், தங்க இடம் என்று கணக்குப் போட்டபோது அவள் அம்மா, "ஐயா, இந்த ஒரு தடவை மட்டும்னா எப்படியாச்சும் பாக்கலாம், மாசா மாசம்னா எங்களால ஆவாதுங்க" என்றார். அவர் சொன்னது நியாயமான கணக்கு. ஆனந்துக்குத் தால் கிளப் இருந்தது. ராஜாராமுக்கு வெளியே சந்தாஜி இருந்தார். இந்தப் பெண்ணுக்குத் திண்ணை மட்டும் இருந்தால் போதாது.

இரண்டு வகுப்புத் தோழர்கள் இந்த வருஷப் போட்டிச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பெயர் போடக் கூடாது என்று கட்டளை. அடுத்த வருஷத்துக்கு ஆள் தேவை. அவளுக்கு இப்போது நான் தரும் புதிர்களை மாற்றிவிட்டேன். காய் ஜெயிக்க வழி உள்ள படம் ஒன்று, இல்லாத படம் ஒன்று என்று கலந்து வைக்கிறேன். எது எது என்று சொல்வதில்லை. முதல் நாள் கோபித்துக்கொண்டு, "ஒண்ணுமே இல்ல சார் இதுல, ஏமாத்துறீங்க" என்றாள். அந்தப் படத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லைதான்.

சங்கமத்துக்கு வருகிறவர்கள் மறுநாள் கோட்டை பார்க்க வருவதாகத் திட்டம். காலை ஆறு மணிக்கே ஏறத் தொடங்கிவிடுவோம், வெயில் வந்தால் பாறை சுடும். முழங்கால் வலிக்காரர்கள் கீழே கல்யாண மகாலோடு நின்றுகொள்ளலாம். வீட்டில் சும்மா கிடக்கும் செஸ் கடிகாரம் யாரிடமாவது இருந்தால் பையில் போட்டு எடுத்து வாருங்கள். இப்போது எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும்.